லாலாங்மேட்டுக்கு ஓர் இயற்கைப் பயணம்

உள்நாட்டுப் பகுதிகளுக்குச் சென்று இயற்கையைக் கண்டு வருவது மனிதனுக்கு நன்மை பயக்கும் என்பது 1954ஆம் ஆண்டு மே மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு மலாக்காவில் முடிவு செய்யப்பட்டது. அதற்கு முன்பு அது நன்மை பயக்கவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூட்டம் நாலரைக்கு முடிந்திருக்காது.

முடிவு செய்தது எங்கள் அலுவலகம். அதன் பெயர் உள்நாட்டு உல்லாசப் பயண ஊக்குவிப்புப் பிரிவு. மூன்று மேசைகள், ஒரு மின்விசிறி, ஒரு தலைவர். தலைவர் மிஸ்டர் தம்புசாமி மின்விசிறிக்குக் கீழே இருப்பார். நான் தற்காலிக உதவி அதிகாரி. சிங்கப்பூரில் பி.ஏ. முடித்து வேலைக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பன்னிரண்டு மாதம் ஒழுங்காக இருந்தால் நிரந்தரமாக்குவார்கள். எங்கள் குடும்பத்தில் ரப்பர்த் தோட்டத்துப் பால்மரத்தை விட்டு மேசைக்கு வந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே மிகவும் ஒழுங்காக இருந்தேன்.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் தொடங்கி ஆறு ஆண்டு ஆகியிருந்தது. கடற்கரைப் பக்கத்தை வெள்ளை வட்டாரம் என்று அறிவித்து, ஊரடங்கை எடுத்துவிட்டார்கள். கோலா சுங்கை பாருவுக்கு யார் வேண்டுமானாலும் பஸ் ஏறிப் போய் மீன் வாங்கி வரலாம். ஜாசினுக்கு உள்ளே இருந்த தோட்டங்கள் இன்னும் கருப்பு வட்டாரம். அங்கே முள்கம்பி வேலி, வாசலில் சோதனை, அரிசிக்கு அளவு.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பயந்துகொண்டே கேட்டேன்.

"சார், சனங்க கடற்கரைக்குத்தானே போறாங்க. அதையே நாம விளம்பரம் செஞ்சா என்ன?"

தம்புசாமி கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, தானாப் போற ஆளைப் போகச் சொல்றதுக்கு ஆபீஸ் எதுக்குலா? போக முடியாத இடத்துக்குப் போக வைக்கணும். அதுக்குப் பேருதான் ஊக்குவிப்பு."

சுற்றறிக்கை தயாரானது. பயணத்தில் இயற்கை, பண்பாடு, வெளிப்புற நடவடிக்கை ஆகிய மூன்றும் இடம்பெறும் என்று எட்டுப் பத்திகளில் சொல்லியிருந்தது. எட்டு என்பது அரைகுறையாகத் தெரிகிறது என்று தலைவர் ஒன்பதாவது பத்தி ஒன்றைச் சேர்த்தார்: 'பயணம் திருப்திகரமாக நிறைவேறுமாயின், மேற்படி தோட்டத்தின் கட்டுப்பாடுகளைத் தளர்த்துமாறு இப்பிரிவு மேலிடத்துக்குப் பரிந்துரைக்கும்.'

தேர்ந்தெடுக்கப்பட்ட தோட்டம் லாலாங்மேடு. ஏற்பாடுகளைப் பார்க்க நான் போனேன்.

வாசலில் இருளாண்டி என்ற ஸ்பெஷல் போலீஸ்காரர் என்னைத் தடவிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த இருமல் மிட்டாயை எடுத்துத் தனியாக ஒரு தட்டில் வைத்தார்.

"இதுகூட உணவா அண்ணே?"

"வாயில போட்டா கரையுதில்ல? அப்போ உணவுதான். போகும்போது வாங்கிக்குங்க."

தோட்டத்துத் தலைமை எழுத்தர், பெரிய கிராணி தங்கராஜு, சுற்றறிக்கையை ஆபீஸ் வாசலில் நின்று உரக்கப் படித்தார். பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து நின்ற கூட்டம் முதல் எட்டுப் பத்திக்கும் கொட்டாவி விட்டது. ஒன்பதாவது வந்ததும் அமைதியானது. முன்வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினார். வேலாயி அக்கா. நாற்பது வயதிருக்கும். தோளில் பால்வாளிகளைக் காண்டா கம்பில் மாட்டித் தூக்கிய தழும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது.

"தம்பி, எங்களுக்கு வெள்ளையும் வேணாம் கருப்பும் வேணாம். பத்து மணிக்கு நிரையில உக்காந்து பசியாற விடுவாங்களா? அதைச் சொல்லுங்க."

விஷயம் இதுதான். நிரை என்பது ஒருவர் பால் வெட்டும் மரவரிசை; அது வேலிக்கு வெளியே இருந்தது. காலை ஆறு மணிக்குக் கதவு திறக்கும். மரப்பட்டையில் பால் வெட்டி முடிக்கப் பத்து மணியாகும். பிறகு மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டி நிறையும் வரை ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் காலங்காலமாகத் தூக்குச்சட்டியைத் திறந்து பசியாறுவது வழக்கம். இப்போது ஒரு பருக்கைகூட வேலியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடும் என்று உத்தரவு. பாலைக் கொண்டுவந்து நிறுத்துக் கொடுத்து வீட்டுக்குப் போக இரண்டு மணியாகும். அதுவரை வெறும் வயிறு. இப்படி மூன்று ஆண்டு.

"பயணம் திருப்தியா முடிஞ்சா பரிந்துரை பண்ணுவோம்க்கா."

"யாருக்குத் திருப்தி?"

"வர்றவங்களுக்கு."

"அப்படிச் சொல்லுங்க. வர்றவங்களை நாங்க குளுர வச்சு அனுப்புறோம். நீங்க பார்த்தத மட்டும் உள்ளபடி எழுதுங்க."

"நான் எப்பவும் உள்ளதைத்தான் எழுதுவேன்" என்றேன். அது உண்மை.

ஏற்பாடுகளில் சில சிறு சிக்கல்கள் எழுந்தன. இயற்கை முழுவதும் வேலிக்கு வெளியே இருந்தது. காட்டுக்குள் நுழைய யாருக்கும் அனுமதியில்லை. பயணிகள் காட்டுக்குப் போக முடியாதென்றால் காடு பயணிகளிடம் வரலாம் என்று தம்புசாமி குறிப்பு எழுதினார். காவலோடு ஆள்விட்டு, செடிகொடிகளையும் பெரணியையும் வேரோடு பிடுங்கி வந்து பந்துத் திடலைச் சுற்றி நட்டார்கள். அதற்கு 'வனப்பாதை' என்று பலகை வைத்தோம். அருவி மூன்று மைல் தள்ளி இருந்தது. அதற்குப் பதிலாகத் தண்ணீர்த் தொட்டியின் குழாயை உடைத்து, கீழே கல் அடுக்கினோம். 'அருவி, காலை 9 முதல் 9.30 வரை.' பண்பாட்டுக்குக் கோலாட்டம். ஐந்து பேருக்கு மேல் கூடினால் தனி அனுமதி வேண்டும் என்பதால் நான்கு பேர் ஆடுவதென்றும், ஐந்தாவது ஆள் யாராவது களைத்தால் மாறிக்கொள்வதென்றும் முடிவானது.

பயணிகள் பதினொரு பேர். எல்லோரும் மலாக்கா நகரத்துத் தமிழர்கள். துணிக்கடை நாகமுத்து அன்றைக்கென்றே வாங்கிய தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டியிருந்தார். மாதர் சங்கச் செயலாளர் மங்களம் அம்மாள் கருப்புக் கண்ணாடி, காக்கி ஜாக்கெட், பட்டுச் சேலை, தலையில் இறகு வைத்த தொப்பி. சங்கத்தில் அப்போது இயற்கைதான் நாகரிகம். போன வருடம் கேக் அலங்காரமாக இருந்தது.

முன்னே ஒரு கவச வண்டி, பின்னே ஒரு போலீஸ் லாரி, நடுவே இயற்கையை நாடிச் சென்ற எங்கள் பஸ்.

வனப்பாதையை நான்கு நிமிடத்தில் சுற்றி முடித்துவிட்டார்கள். பிடுங்கி நட்ட செடிகளெல்லாம் வாடித் தலை தொங்கி நின்றன. அருவியில் அன்று துணி துவைத்துவிட்டார்கள், ஆகவே தண்ணீர் நுரையோடு வந்தது. நாகமுத்து தொலைநோக்கியில் வெகுநேரம் பார்த்து, "பறவைன்னா கோழி மட்டும்தானா?" என்று கேட்டார். ஓரமாக நின்ற வேலாயி அக்காவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

வெளிப்புற நடவடிக்கைக்காகப் பயணிகளைக் காவலோடு பக்கத்து நிரைக்கு அழைத்துப்போக ஏற்பாடு. வெளியே போகிறவர்கள் எல்லோரையும் வாசலில் சோதிக்க வேண்டும். இருளாண்டி பதினொரு பேரையும் வரிசையில் நிறுத்தினார். பெண்களைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ச் சோதிக்க ஒரு போலீஸ் பெண். மங்களம் அம்மாளின் கைப்பையிலிருந்து பிஸ்கட் பறிமுதல் செய்யப்பட்டது.

திரைக்குப் பின்னாலிருந்து அவர் வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"எவ்வளவு தத்ரூபமா இருக்கு! தொப்பியைக்கூட உதறிப் பார்த்தாங்க! ஏங்க, இன்னொரு தடவை சோதிக்கச் சொல்லுங்க. போட்டோ எடுக்கலை."

இருளாண்டி என்னைப் பார்த்தார். நான் சுற்றறிக்கையைப் பார்த்தேன். அதில் தடை ஏதும் இல்லை. இன்னொரு தடவை சோதித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக முள்கம்பியைத் தொட்டுக்கொண்டு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு மூதாட்டி கம்பியில் புடைவை கிழிந்ததைப் பெருமையோடு எல்லோருக்கும் காட்டினார்.

நிரையில் பதினொரு மணிக்கு நாகமுத்து மயங்கி மரத்தில் சாய்ந்தார். காலையில் இரண்டு இட்டிலிதான் சாப்பிட்டாராம். மங்களம் அம்மாள் அசரவில்லை.

"காலையில வெறும் வயித்தோட மரத்தடியில நடக்குறது உடம்புக்கு எவ்வளவு நல்லது தெரியுமா! டவுன்ல இதை யாரு செய்யிறா? பாருங்க, இங்க ஒருத்தருக்காவது தொந்தி இருக்கா?"

"இல்லம்மா. அரசாங்கமே பார்த்துக் கரைச்சு விட்டுச்சு" என்றார் வேலாயி அக்கா.

"குடுத்து வச்சவங்க நீங்க."

"ஆமாம்மா. குடுத்து வச்சதைத்தான் வாசல்ல வாங்கி வச்சுக்கிறாங்க."

திரும்பும்போது பயணிகளிடம் கருத்தை எழுதித் தர ஒரு பாரம், அதாவது படிவம், கொடுத்தோம். எந்த அம்சம் மிகவும் கவர்ந்தது? ஒன்பது பேர் வேலியும் சோதனையும் என்று எழுதினார்கள். ஒருவர் பட்டினி என்று எழுதினார். நாகமுத்து மட்டும் ஒன்றும் எழுதவில்லை, அவர் லாரியில் படுத்திருந்தார். இயற்கைக்கு வாக்கு இல்லை. நான் இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்து, உள்ளதை உள்ளபடி அறிக்கையில் எழுதினேன். திருப்தி: நிறைவு.

தம்புசாமி அறிக்கையைப் படித்து என் கையைக் குலுக்கினார். நான் பரிந்துரைக் கடிதத்தை நீட்டினேன்.

"இது என்ன?"

"ஒன்பதாவது பத்தி, சார். பயணம் திருப்தி. தளர்த்தச் சொல்லிப் பரிந்துரை."

"கொஞ்சம் யோசிங்க தம்பி. எதனால திருப்தி?"

"வேலியால."

"வேலியை எடுத்தா?"

"திருப்தி போயிடும்."

"திருப்தி போனா?"

"பரிந்துரைக்க முடியாது, சார்."

"அப்போ எதைப் பரிந்துரைக்கச் சொல்றீங்க?"

நான் யோசித்தேன். குற்றம் காண முடியவில்லை. கட்டுப்பாட்டைத் தளர்த்தாமல் இருக்கும் வரைதான் தளர்த்தலாம். "சார், அந்த ஒன்பது பேர் எழுதினதை வேணும்னா இயற்கைன்னு மாத்தி எழுதிடவா?" என்று கேட்டேன்.

தம்புசாமிக்குக் கோபம் வந்தது. "பி.ஏ. படிச்ச ஆளு! பொய் எழுதணுங்கறீங்களா? உங்களை நிரந்தரம் பண்ணலாம்னு நேத்துத்தான் குறிப்பு எழுதினேன்."

நான் பொய் எழுதவில்லை.

ஆனால் அலுவலகம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. நாகமுத்து மயங்கியதை மனத்தில் கொண்டு போலீஸாரோடு பேசி, ஒரு சலுகை பெற்றது. இனி பயணிகள் மட்டும் ஒரு வேளைச் சிற்றுண்டியை நிரைக்குக் கொண்டுபோகலாம்.

இதை லாலாங்மேட்டில் அறிவிக்க நானே போனேன். வேலாயி அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அப்போ வந்து போறவங்க நிரையில உக்காந்து திங்கலாம். வேலை செய்யிறவங்க திங்கக்கூடாது."

"பயணிங்க மட்டும்க்கா."

"பயணின்னா யாரு தம்பி? அந்தக் காகிதத்துல எப்படிப் போட்டிருக்கு?"

பார்த்தேன். "'உள்நாட்டுப் பகுதியைக் காண விரும்பும் எவரும்.'"

"நான் விரும்புறேன்."

"நீங்க இங்கதானே இருக்கீங்க?"

"இருக்கேன். பார்த்ததில்லையே. குனிஞ்சு மரத்தைத்தான் பார்த்திருக்கேன்."

விதியில் தடை இல்லை. பயணம் மலாக்காவிலிருந்து புறப்பட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இரண்டாம் பயணத்துக்கு முதல்நாள், வேலாயி அக்காவும் இன்னும் எட்டுப் பெண்களும் லீவு சொல்லிவிட்டு, பஸ் ஏறி, மலாக்கா நகரத்தை ஒட்டிய புக்கிட் ரம்பாயில் இருந்த தங்கச்சி வீட்டில் படுத்து எழுந்து, காலை ஏழு மணிக்கு எங்கள் அலுவலக வாசலில் தூக்குச்சட்டிகளோடு வந்து நின்றார்கள். நான் ஒவ்வொருவர் பாரத்தையும் நிரப்பினேன். பெயர்: வேலாயி. ஊர்: லாலாங்மேடு. போகுமிடம்: லாலாங்மேடு. நோக்கம்: இயற்கையைக் காணுதல்.

லாலாங்மேட்டு வாசலில் இருளாண்டி அவர்களை இறக்கிப் பார்த்துவிட்டு, "என்னா அக்கா, நேத்துத்தானே போனீங்க?" என்றார்.

"மரியாதையாப் பேசு. நான் பயணி."

அவர் சலாம் வைத்தார்.

நிரைக்குப் போனபோதுதான் ஒரு குறை தெரிந்தது. ஒன்பது பேர் லீவு என்பதால் ஒன்பது நிரை வெட்டாமல் கிடந்தது. பெரிய கிராணி தங்கராஜு தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். துரை வந்தால் என்ன சொல்வது? மங்களம் அம்மாளும் சங்கத்தினரும் அவரைக் காப்பாற்ற முன்வந்தார்கள். இந்த முறை அவர்கள் சிற்றுண்டி கொண்டு வரவில்லை. பட்டினி நடை இப்போது சங்கத்தில் நாகரிகமாகிவிட்டது. நாகமுத்துவும் சிற்றுண்டிச் சலுகையை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"நாங்க வெட்டுறோம்! வெளிப்புற நடவடிக்கைன்னா இதுதானே?"

பால் வெட்டும் உளியை வாங்கினார்கள். மங்களம் அம்மாள் கருப்புக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு முதல் மரத்தை நெருங்கினார்.

"அம்மா, மரத்தை வெட்டச் சொன்னா செதுக்குறீங்களே! பட்டை போய் மரத்தோட எலும்பு தெரியுதும்மா!" என்று தங்கராஜு அலறினார்.

ஒன்பது பயணிகள் மரநிழலில் வரிசையாக உட்கார்ந்து தூக்குச்சட்டிகளைத் திறந்தார்கள். மணி பத்து. பழைய சோறு, சுட்ட கருவாடு, ஊறுகாய். வேலாயி அக்கா முதல் கவளத்தை வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றார். பிறகு கண்ணைத் திறந்து, மங்களம் அம்மாளைப் பார்த்துச் சொன்னார்:

"அம்மா, அப்படியில்ல, கையை மட்டும் அசைக்காதீங்க. இடுப்பையும் சேர்த்துத் திருப்புங்க. நான்தான் எழுந்திருக்க முடியாது, பசியாறிக்கிட்டிருக்கேன்."

அன்று வந்த பால் இரண்டு வாளி. மறுநாள் காயம்பட்ட நாற்பத்தாறு மரங்களுக்குத் தார் பூசினார்கள். ஆனால் அந்த நாளைப்போல் நான் அதற்குப் பிறகு சிரித்ததில்லை.

பாரங்களை எண்ணினேன். மங்களம் அம்மாள் சங்கத்தினர் எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: தோட்டப் பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து உணவு உண்ட காட்சி. 'இதுவே உண்மையான பண்பாடு. கோலாட்டத்தை நிறுத்திவிட்டு இதைச் சேர்க்கவும்.' நான் உள்ளதை உள்ளபடி எழுதினேன். உணவு உண்ட ஒன்பது பயணிகளும் அதே தோட்டத்துத் தொழிலாளர்கள் என்பதையும் எழுதினேன். யாரும் கேட்கவில்லைதான். ஆனால் அது உண்மை.

ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. முதல் கடிதம் போலீஸிலிருந்து. பயணி என்னும் சொல்லுக்கு இனி 'அத்தோட்டத்தைச் சேராத எவரும்' என்று பொருள். இரண்டாவது, என் பணி நிரந்தரமாக்கப்பட்டதைத் தெரிவித்தது. காரணம், அறிக்கைகளின் நேர்மை.

தம்புசாமிக்கு இப்போது ஒரு தர்மசங்கடம். பசியாறும் காட்சி வேண்டும் என்று சங்கம் கேட்கிறது. பசியாறக்கூடாது என்று போலீஸ் சொல்கிறது. மூன்று கூட்டம் நடத்தினார்கள். கடைசியில் இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டை லாலாங்மேட்டுக்கு எடுத்துப்போகும் பொறுப்பு நிரந்தர அதிகாரியான எனக்கு வந்தது.

"பசியாறலாம்க்கா" என்றேன்.

வேலாயி அக்காவின் முகம் மலர்ந்தது. "நிரையிலயா?"

"நிரையிலதான். பயணம் வர்ற அன்னைக்கு, பத்து மணிக்கு. பன்னிரண்டு நிமிஷம்."

"பன்னிரண்டு நிமிஷம் போதும் தம்பி. சோறா, கஞ்சியா?"

நான் கடிதத்தை மடித்து விரித்தேன். "தூக்குச்சட்டி கொண்டு போகலாம். உள்ளே ஒண்ணும் இருக்கக்கூடாது. காட்சிதானேன்னு சொல்றாங்க."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "எத்தனை சட்டி வேணும்?" என்று கேட்டார்.

மூன்றாம் பயணத்துக்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். அதில் பாதிப்பேர் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். போன மாதம்தான் அவர்களுடைய தோட்டம் வெள்ளையாகி, வேலியை எடுத்திருந்தார்கள். எடுத்த பிறகு பொழுது போகவில்லையாம். பத்து மணிக்கு வேலாயி அக்கா சம்மணமிட்டு உட்கார்ந்து, காலிச் சட்டியைத் திறந்தார். இல்லாத சோற்றைப் பிசைந்தார். இல்லாத கருவாட்டைக் கிள்ளினார். கடைசிப் பருக்கையை வழித்து, விரலை நக்கி, நீண்ட ஏப்பம் ஒன்று விட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். மங்களம் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் தட்டினேன்.

வேலாயி அக்கா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"இன்னைக்கு உப்புக் கொஞ்சம் தூக்கல், தம்பி. ரிப்போட்டுல எழுதிக்குங்க."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் மறுக்க முடியவில்லை. எழுதினேன்.

அடுத்த பயணத்தில் உப்பைக் குறைக்குமாறு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது.